பாதிக் கேள்வியோடு வாருங்கள்

பல்கலைக்கழக நூலகத்தின் உதவி மேசையில் உட்கார்ந்தே எனக்குத் தலை நரைத்தது. வேறு நாட்டுக்குப் படிக்கப் போய், அந்த ஊர் மொழி சரளமாக வராமல் நூலகத்தில் திண்டாடுகிறவர்களைப் பற்றித்தான் இந்த முறை கடிதங்கள் அதிகம். மாணவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு மாணவியின் அப்பாவும், நூலக ஊழியர் ஒருவரும்கூட எழுதியிருக்கிறார்கள். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி (முதுகலை முதலாண்டு மாணவி): அக்கா, வகுப்பில் பாடம் ஓரளவு புரிகிறது. நூலக மேசைக்குப் போய் ஒன்றைக் கேட்கத்தான் நாக்கு எழ மாட்டேன் என்கிறது. வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் போகிறேன். அவர்கள் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டதும் எல்லாம் மறந்துவிடுகிறது. 'தாங்க்யூ' சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன். என் ஆங்கிலம்தான் காரணமா?

பதில்: ஆங்கிலத்தின் மேல் முழுப் பழியையும் போடாதீர்கள். கான்ஸ்டன்ஸ் மெல்லன் என்ற அமெரிக்கப் பேராசிரியை, ஒரு பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் சுமார் 6,000 மாணவர்களிடம் நூலக அனுபவத்தை எழுதச் சொல்லி வாங்கிப் படித்தார். ஒவ்வொரு வகுப்பிலும் 75 முதல் 85 சதவீதம் பேர் முதலில் வந்த உணர்வாகப் பயத்தைத்தான் எழுதியிருந்தார்கள். அது வெளிநாட்டு மாணவர்களைப் பற்றிய ஆய்வே அல்ல. 1986இல் அவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் 'நூலக பயம்' என்பது எங்கள் துறையில் ஒரு பாடமானது.

அந்தப் பயத்தை மெல்லன் பிரித்துச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கும். மற்ற எல்லோருக்கும் நூலகத்தைப் பயன்படுத்தத் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாது என்று மாணவர் நினைக்கிறார். தெரியாமலிருப்பது வெட்கக்கேடு என்று நினைக்கிறார். வாயைத் திறந்து கேட்டால் அது வெளியே தெரிந்துவிடும் என்றும் நினைக்கிறார். உங்கள் கடிதத்தில் மூன்றும் அப்படியே இருக்கின்றன. பக்கத்து மேசையில் தலை நிமிராமல் படித்துக்கொண்டிருக்கும் உள்ளூர்ப் பெண்ணுக்கும் இதே மூன்றும் இருக்கலாம். உங்களுக்கு மொழி என்ற கூடுதல் சுமை ஒன்று உண்டு, அதை நான் மறுக்கவில்லை.

அடுத்தது, அவர்கள் திருப்பிக் கேட்கும் கேள்வி. உங்கள் ஆங்கிலம் புரியாததால் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். அப்படி இல்லை. நல்ல நூலகர் யாரிடமும் திருப்பிக் கேட்பார். அதைக் கேட்கத்தான் எங்களுக்குப் பயிற்சியே கொடுக்கிறார்கள். ராபர்ட் டெய்லர் என்பவர் 1968இல் எழுதிய கட்டுரை ஒன்று இன்றைக்கும் நூலகவியல் பள்ளிகளில் பாடமாக இருக்கிறது. மனதுக்குள் முதலில் ஒரு குறை தோன்றும், அதற்குச் சொல்லே இருக்காது. அப்புறம் அது மங்கலாகத் தெளியும். பிறகு ஒழுங்கான கேள்வியாகும். மேசைக்கு வரும்போது, நூலகத்தில் என்ன இருக்கும் என்று தானாகவே ஊகித்து, அதற்கேற்ப வெட்டிச் சுருக்கிய இன்னொரு கேள்வியாகிவிடும். கடைசியில் எங்கள் காதில் விழுவது அந்தச் சுருக்கப்பட்ட கேள்விதான்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். "பொருளாதாரப் புத்தகங்கள் எங்கே?" என்று ஒரு பையன் கேட்கிறான். மாடியைக் காட்டி அனுப்பிவிடலாம். "எந்த வகுப்புக்கு?" என்று கேட்டால், சிறு கடன் வாங்கும் பெண்களைப் பற்றி வியாழக்கிழமைக்குள் எட்டுப் பக்கம் எழுத வேண்டும் என்பது வெளியே வருகிறது. அவனுக்கு வேண்டியது புத்தகமே இல்லை, இரண்டு மூன்று ஆய்வுக் கட்டுரைகள். மொழி எவ்வளவு நன்றாக வந்தாலும் அவன் முதலில் "புத்தகங்கள் எங்கே" என்றுதான் கேட்டிருப்பான்.

ஆகவே வாக்கியத்தை ஒத்திகை பார்க்காதீர்கள். எந்தப் பாடம், எத்தனை பக்கம், என்றைக்குத் தர வேண்டும், இதுவரை எங்கே தேடினீர்கள், என்ன கிடைத்தது. பெரும்பாலும் இவற்றைத்தான் கேட்பார்கள், இவற்றுக்குப் பதில் வைத்துக்கொண்டு போங்கள். ஆசிரியர் கொடுத்த பணித்தாளை அப்படியே நீட்டுங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். முக்கியமான சொற்களை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் காட்டலாம். அவர்கள் சொல்வது பிடிபடவில்லையென்றால் தாளையும் பேனாவையும் தள்ளி, "எழுதிக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. நேரில் போகவே தயக்கமாக இருந்தால் நூலக இணையதளத்தில் சாட் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். தட்டச்சு செய்யும்போது யோசிக்க நேரம் கிடைக்கும், அகராதி பார்க்கலாம், உச்சரிப்புத் தொல்லை கிடையாது. அந்த உரையாடலின் நகலை மின்னஞ்சலில் அனுப்பும் வசதியும் பல இடங்களில் உண்டு.

கேள்வி (இளநிலை மாணவர்): நான் எடுத்த புத்தகத்துக்கு ஒரு மாதத் தவணை கொடுத்திருந்தார்கள். பத்தே நாளில் 'ரீகால்' என்று ஒரு மின்னஞ்சல். விளம்பரம் என்று நினைத்து விட்டுவிட்டேன். இப்போது அபராதம் கேட்கிறார்கள். இது நியாயமா மேடம்?

பதில்: விதிப்படி சரி, உங்கள் பக்கம் நின்று பார்த்தால் அநியாயம். அந்தப் புத்தகத்தை வேறொருவர் கேட்டிருக்கிறார், ஆகவே உங்கள் தவணையை முன்கூட்டியே முடித்துத் திரும்பக் கேட்கிறார்கள். அதுதான் ரீகால். மேசைக்குப் போய், அந்த மின்னஞ்சலின் அர்த்தம் தெரியவில்லை என்று உள்ளபடி சொல்லுங்கள். முதல் தடவையென்றால் பல இடங்களில் தள்ளுபடி செய்வார்கள். செய்யாவிட்டாலும் கேட்டதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

இந்த மாதிரிச் சொற்கள் இன்னும் இருக்கின்றன. நீங்கள் கேட்ட புத்தகத்தை உங்கள் பெயர் போட்டு எடுத்து வைத்தால் ஹோல்டு. அதை எத்தனை நாளுக்குள் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒரு கெடு இருக்கும், தாண்டினால் அடுத்தவருக்குப் போய்விடும். ரிசர்வ் என்பதில்தான் அதிகம் பேர் வழுக்கி விழுகிறார்கள். முன்பதிவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். பல நூலகங்களில் அது, ஒரு வகுப்பு முழுவதற்கும் தேவை என்று ஆசிரியர் தனியாக எடுத்து வைக்கச் சொன்ன புத்தகங்களைக் குறிக்கும். அவற்றைச் சில மணி நேரத்துக்குத்தான் தருவார்கள், சில சமயம் கட்டிடத்தைவிட்டு வெளியே கொண்டுபோகவும் முடியாது. சர்குலேஷன் என்று பலகை மாட்டிய இடம் புத்தகம் எடுக்கவும் திருப்பிக் கொடுக்கவும். பீரியாடிகல், சீரியல் இரண்டும் இதழ்கள்தான். ஸ்டாக்ஸ் என்றால் புத்தக அலமாரிகள் இருக்கும் பகுதி. இன்டர்லைப்ரரி லோன் என்பது, உங்கள் நூலகத்தில் இல்லாததை வேறு நூலகத்திலிருந்து வரவழைத்துக் கொடுப்பது. இதுவரை கேட்டுப் பார்க்காதவர் அடுத்த தடவை கேட்டுப் பாருங்கள். பல பல்கலைக்கழகங்களில் மாணவருக்கு இலவசம், கட்டுரை என்றால் பெரும்பாலும் பிடிஎஃப்பாகவே வந்துவிடும்.

இதெல்லாம் ஆங்கிலம் தெரிந்தால் தானாக வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். ஜான் கூப்பர்ஸ்மித் என்ற அமெரிக்க நூலகர், நூலக இணையதளங்களைப் பயன்படுத்துகிறவர்களை வைத்து நடந்த சோதனைகளைப் பல வருடங்கள் தொகுத்தார். டேட்டாபேஸ், பீரியாடிகல், ரெஃபரன்ஸ், இன்டர்லைப்ரரி லோன் என்று நாங்கள் தினமும் புழங்கும் சொற்கள்தான் ஆட்களைக் குழப்பும் பட்டியலில் திரும்பத் திரும்ப வந்தன. இது எங்கள் தொழில் பாஷை, யாருக்கும் தாய்மொழி இல்லை.

கேள்வி (வேறொரு மாணவர்): அலமாரி எண்ணை எழுதிக்கொண்டு போனாலும் புத்தகம் கிடைப்பதில்லை. உள்ளே போய் நாமே எடுக்கலாமா, இல்லை கேட்க வேண்டுமா என்பதும் தெரியவில்லை.

பதில்: பொதுவாக நீங்களே போய் எடுக்கலாம். சீட்டு எழுதிக் கொடுத்து ஊழியர் எடுத்து வரும் நூலகங்களில் பழகியவர்கள் அலமாரிப் பக்கம் போகவே கூசுவதைப் பார்த்திருக்கிறேன். 'ஸ்டாஃப் ஒன்லி' என்று எழுதாத கதவெல்லாம் உங்களுக்கும் சேர்த்துத்தான். எடுத்த புத்தகத்தைத் திரும்ப அலமாரியில் செருகாமல் மேசையிலோ தள்ளுவண்டியிலோ வைத்துவிடுங்கள். தப்பான இடத்தில் செருகிய புத்தகம் தொலைந்த புத்தகம் மாதிரிதான்.

இனி எண். நூல்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்கும் டூயி பகுப்பு 1876இல் வந்தது, எல்லாம் எண்கள். 330 பொருளாதாரம், 510 கணிதம், 610 மருத்துவம். பெரிய ஆய்வு நூலகங்கள் பலவற்றில், குறிப்பாக அமெரிக்காவில், காங்கிரஸ் நூலகத்தின் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகம்) பகுப்பு இருக்கும். அது எழுத்தில் தொடங்கும். க்யூ அறிவியல், க்யூஏ கணிதம், அதில் 76 கணினி. இதுவரை சிக்கல் இல்லை. புள்ளிக்குப் பிறகு வருவதில்தான் கண் ஏமாறும். அங்கே எண்ணைத் தசமமாகப் படிக்க வேண்டும். டூயியில் 330.15 முதலில், 330.9 பிறகு. காங்கிரஸ் பகுப்பில் புள்ளி பி 47 முதலில், புள்ளி பி 5 அதற்கு அடுத்து. 47 பெரியது, 5 சிறியது என்று நினைத்து எதிர்ப்பக்கம் போய்த் தேடியிருப்பீர்கள். உள்ளூர்ப் பிள்ளைகளும் அங்கேதான் நின்று விழிப்பார்கள்.

கேள்வி (ஆய்வு மாணவி): தரவுத்தளத்தில் எனக்குத் தெரிந்த சொல்லைப் போட்டால் பத்துக் கட்டுரைதான் வருகிறது. என்னோடு படிக்கும் உள்ளூர் மாணவர் அதே தலைப்பில் நூற்றுக்கணக்கில் எடுக்கிறார். அவருக்குச் சொல்வளம் அதிகம். நான் என்ன செய்வது?

பதில்: சொல்வளத்துக்கு இதில் பங்கு உண்டு. ஒரே விஷயத்துக்கு நான்கு சொல் தெரிந்தவர் நான்கையும் போட்டுத் தேடுவார். ஆனால் அந்த நான்கையும் தலைக்குள் வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. தரவுத்தளத்துக்குள்ளேயே அவை இருக்கின்றன.

நூலகப் பட்டியலும் பல தரவுத்தளங்களும், ஒரு பொருளை எந்தப் பெயரில் அழைப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கும். மக்கள் 'கார்' என்பார்கள், காங்கிரஸ் நூலகத்தின் பொருள் தலைப்பு 'ஆட்டோமொபைல்ஸ்' என்று இருக்கும். 'மூவிஸ்' என்பது 'மோஷன் பிக்சர்ஸ்'. மருத்துவம் படிப்பவர்கள் பயன்படுத்தும் பப்மெட்டில் 'ஹார்ட் அட்டாக்' என்பதற்கான தலைப்பு 'மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்', 'கேன்சர்' என்பதற்கு 'நியோப்ளாசம்ஸ்'. அந்த மொழியில் பிறந்து வளர்ந்தவருக்கும் இது தானாகத் தோன்றாது. நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கிடைத்த பத்தில் உங்கள் தலைப்புக்கு ரொம்பவும் பொருந்துகிற ஒன்றைத் திறங்கள். அதன் பதிவில் பொருள் தலைப்புகள் என்று சில சொற்கள் இருக்கும், பெரும்பாலும் இணைப்பாகவே இருக்கும். அதைச் சொடுக்கினால் அதே தலைப்பில் உள்ள மற்றவை வரிசையாக வரும். ஆசிரியர்கள் தாங்களே கொடுத்த திறவுச்சொற்கள் கட்டுரையின் முதல் பக்கத்தில் இருந்தால் அவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். இப்படி ஒரு நோட்டில் சேர்த்துக்கொண்டே வந்தால் சில வாரங்களில் உங்கள் துறைக்கு ஒரு குட்டி அகராதியே கையில் இருக்கும். ஆய்வேடு எழுதும்போதும் அது உதவும்.

எழுத்துக்கூட்டும் ஒரு வில்லன். பள்ளியில் பிரிட்டிஷ் முறையில் படித்தவர்கள் 'பிஹேவியர்', 'லேபர்' போன்ற சொற்களில் ஒரு 'யு' சேர்த்து எழுதுவார்கள், அமெரிக்கக் கட்டுரையில் அது இருக்காது. சில தேடுபொறிகள் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், சில எடுத்துக்கொள்ளாது. இரண்டு வடிவத்தையும் போட்டு நடுவில் 'ஆர்' என்பதைப் பெரிய எழுத்தில் தட்டுங்கள். பிஹேவியர் போன்ற சொல்லில் 'ஓ' வரை அடித்து ஒரு நட்சத்திரக்குறி போட்டாலும் போதும், அந்தத் தொடக்கத்தில் வரும் எல்லா வடிவமும் வந்துவிடும். முழு வாக்கியத்தைப் போட்டுத் தேடாதீர்கள். இலக்கணப் பிழையைப் பற்றிப் பட்டியலுக்கு அக்கறை இல்லை. மொழி முழுதாக வராதவருக்கு நூலகத்தில் உள்ளதிலேயே வசதியான இடம் அந்தத் தேடல் பெட்டிதான் என்பேன், அங்கே நான்கு தனிச்சொல் தெரிந்தால் போதும்.

கேள்வி (முனைவர் பட்ட மாணவர்): எங்கள் நூலகத்தில் தமிழ் நூல்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். பட்டியலில் தேடினால் ஒன்றுமே வரவில்லை. ஆங்கில எழுத்தில் போட்டுத்தான் தேடினேன்.

பதில்: நூல்கள் இருக்கும். நீங்கள் ஆங்கில எழுத்தில் எழுதுகிற முறையும் பட்டியல்காரர் எழுதுகிற முறையும் வேறு. மேற்கத்திய நூலகங்களில் பெரும்பாலும் அமெரிக்க நூலகச் சங்கமும் காங்கிரஸ் நூலகமும் சேர்ந்து வகுத்த ஒலிபெயர்ப்பு அட்டவணையைப் பின்பற்றுகிறார்கள். அது காதில் விழும் ஒலியைப் பார்க்காது, தமிழ் எழுத்தைத்தான் பார்க்கும். சகரம் எங்கே வந்தாலும் ஆங்கில 'சி' எழுத்து. சிலப்பதிகாரத்தை 'எஸ்' போட்டுத் தேடினால் கிடைக்காமல் போவது அதனால்தான். சாமிநாதையரும் அங்கே 'சி' எழுத்தில்தான் இருப்பார். ககரம் எப்போதும் 'கே', 'ஜி' கிடையாது. டகரம், தகரம் இரண்டும் 'டி' என்று நாம் சொல்லும் இருபதாவது எழுத்து, டகரத்துக்கு மட்டும் அடியில் புள்ளி. பகரத்துக்கு, ஆங்கில வரிசையில் பதினாறாவதாக வரும் 'பி' மட்டும்தான். ழகரம் 'எல்' எழுத்துக்கு அடியில் கோடு. புள்ளியும் கோடும் போடாமல் தேடினாலும் பல பட்டியல்களில் வேலை நடக்கும். முதலில் தமிழ் எழுத்திலேயே ஒரு முறை அடித்துப் பாருங்கள், புதிய பதிவுகள் சிலவற்றில் மூல எழுத்தும் இருக்கும்.

இந்தத் தலைவலி நமக்கு மட்டும் இல்லை. சீன நூல்களைக் காங்கிரஸ் நூலகம் பல காலம் வேட்-ஜைல்ஸ் என்ற பழைய ஒலிபெயர்ப்பு முறையில்தான் பதிந்துவந்தது. சீன மாணவர்கள் பள்ளியில் படித்தது பின்யின். 2000 அக்டோபர் 1ஆம் தேதிதான் பின்யினுக்கு மாறினார்கள். அதுவரை அந்தப் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் புத்தகத்தைத் தேட ஒரு பழைய எழுத்துமுறையையும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

கேள்வி (நூலக ஊழியர்): வெளிநாட்டு மாணவர்களுக்கு நான் பொறுமையாகத்தான் விளக்குகிறேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார்கள். அரை மணியில் அதே கேள்வியோடு என் சக ஊழியரிடம் போய் நிற்கிறார்கள். எங்கே தப்பு?

பதில்: "புரிந்ததா?" என்று கேட்கிறீர்கள், அதுதான் சிக்கல். உலகத்தில் எந்த மாணவரும் அதற்கு "இல்லை" என்று சொல்லத் துணிய மாட்டார். நீங்கள் மரியாதையாக நடத்தினால் துணிச்சல் இன்னும் குறையும், இவ்வளவு நல்ல மனுஷரைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நினைப்பார். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்துங்கள். முதல் தேடலை அவரே செய்யட்டும். எங்கே விரல் நிற்கிறதோ அங்கேதான் புரியவில்லை.

அடுத்து, சொன்னதையே உரக்கச் சொல்லும் பழக்கம். அவருக்குக் காது நன்றாகவே கேட்கிறது. வேகத்தைக் குறையுங்கள், ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி போதும். ஆங்கிலத்தில் 'லுக் அப்', 'செக் அவுட்', 'ரன் அவுட்' போன்ற இரட்டைச் சொற்கள் பாடப்புத்தகம் வழியாக மொழி கற்றவரை ரொம்பச் சிரமப்படுத்தும். 'செக் அவுட்' என்றால் புத்தகத்தை எடுத்துப் போவதா, சும்மா பார்ப்பதா? கடன் வாங்குவதைக் குறிக்கும் 'பாரோ' என்றே சொல்லிவிடுங்கள், அது எல்லோருக்கும் தெரிந்த சொல். அவர் உச்சரிப்பு உங்களுக்குப் பிடிபடாவிட்டால் மூன்றாவது தடவையாக "என்ன?" என்று கேட்க வேண்டாம். திரையில் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள், அல்லது நீங்கள் புரிந்துகொண்டதைச் சொல்லி, சரிதானா என்று கேளுங்கள். வாயால் சொன்ன படிகளை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். அதே கேள்வியோடு அவர் இன்னொரு மேசைக்குப் போக வேண்டிய தேவை இதிலேயே பாதி குறைந்துவிடும்.

உங்கள் மேலதிகாரிக்கும் இதில் வேலை இருக்கிறது, இந்தப் பக்கத்தை வெட்டி அவர் மேசையில் வையுங்கள். முதல் வாரத்தில் எல்லாரையும் கூட்டிப்போய்க் கட்டிடத்தைச் சுற்றிக் காட்டுகிறார்களே, அதில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை. அந்த வாரம் அவர்களுக்கு வங்கிக் கணக்கு, தங்குமிடம், விசா தாள்கள் என்று தலைக்குமேல் வேலை. முதல் கட்டுரை எழுதச் சொல்லும் வாரத்தில் அரை மணி கிடைத்தால் அதுதான் நிற்கும். 'சர்குலேஷன்' பலகையைக் கழற்றிவிட்டு 'புத்தகம் எடுக்க, திருப்ப' என்கிற மாதிரி எழுதலாம். செலவு ஒரு பலகைதான். அமெரிக்கக் கல்லூரி, ஆய்வு நூலகச் சங்கத்தின் ஒரு குழு நூலகச் சொற்களுக்குப் பன்மொழி அகராதி ஒன்றைத் தொகுத்திருக்கிறது. சீனம், கொரியம், ஸ்பானியம் உள்ளிட்ட மொழிகளில் ஈடான சொற்கள் அதில் உண்டு. அதைப் பார்த்து உங்கள் மாணவர்களின் மொழிகளுக்கு ஒரு பக்கத் தாள் தயார் செய்யலாம். மேசையில் பகுதிநேரமாக உட்காரும் மாணவர்களில் வேறு மொழி பேசுகிறவர்கள் இருந்தால், அவர்களுக்குச் சம்மதமென்றால், "நான் இந்த மொழியும் பேசுவேன்" என்று ஒரு வில்லை மாட்டச் சொல்லலாம். சம்மதத்தை வாய்விட்டுக் கேளுங்கள். மொழி தெரிந்த ஒரே காரணத்துக்காக ஒருவரையே எல்லா வேலைக்கும் இழுத்து, கூடுதல் சம்பளமும் தராமல் மொழிபெயர்ப்பாளராக்குவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

நூலகவியல் அறிஞர் ரங்கநாதனின் ஐந்து விதிகளைப் படித்துத்தான் நீங்கள் இந்த வேலைக்கு வந்திருப்பீர்கள். 1931இல் வந்த புத்தகம். அதில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பாற்று என்பது. பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது அதை அலமாரி ஒழுங்கு, பட்டியல் ஒழுங்கு என்றே புரிந்துகொண்டிருப்போம். மேசைக்கு முன்னால் தலையாட்டிவிட்டுப் போகும் பையன் வீணாக்கிய அரை மணியும் அதற்குள் அடக்கம்.

கேள்வி (ஒரு மாணவியின் அப்பா): என் மகள் நூலகத்துக்கே போவதில்லையாம். கட்டுரைகளை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் படிக்கிறாள். மேற்கோள் பட்டியலையும் செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டு வாங்குகிறாள். கண்டிக்கலாமா?

பதில்: முதலாவதற்குக் கண்டிக்காதீர்கள் ஐயா. ஒரு பத்தி பிடிபடாதபோது மொழிபெயர்த்துப் பார்ப்பது அகராதி பார்ப்பதன் நீட்சிதான். முழுக் கட்டுரையையும் அப்படியே படித்தால்தான் சங்கடம். துறைச் சொற்கள் தவறாக மாறலாம், எழுத உட்காரும்போது மூலச் சொல் கையில் இருக்காது. வேறு வழி இருக்கிறது. முதலில் சுருக்கத்தை மட்டும் மூலமொழியில் இரண்டு முறை படிக்கட்டும். பிறகு முடிவுரை. இந்த இரண்டிலும் பிடிபட்டால்தான் நடுவில் போக வேண்டும். அறிவியல் கட்டுரைகள் பெரும்பாலும் முன்னுரை, முறை, முடிவுகள், விவாதம் என்று ஒரே வார்ப்பில்தான் இருக்கும், எதை எங்கே தேடுவது என்று பழகிவிடும். ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு ஆவெரில் காக்ஸ்ஹெட் என்ற மொழியியலாளர் 2000இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியல் ஒன்று உண்டு. துறை எதுவானாலும் பாடநூல்களிலும் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரே சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்த தொகுதிகள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நாளுக்குப் பத்து என்று பார்த்தாலும் ஒரு செமஸ்டருக்குள் முடித்துவிடலாம். இன்னொன்று, நூலகம் சந்தா கட்டி வாங்கிய கட்டுரையின் முழுக் கோப்பையும் வெளிச் செயலிகளில் ஏற்றுவதைச் சில உரிம ஒப்பந்தங்கள் தடுக்கும். அதை மட்டும் நூலகத்தில் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

இரண்டாவதைப் பற்றிக் கண்டிப்பாகப் பேசுங்கள். அந்தச் செயலிகள் சில சமயம், இல்லாத கட்டுரைக்குத் தலைப்பு, ஆசிரியர், இதழ், பக்க எண் எல்லாம் போட்டு அச்சு அசலாகக் கொடுக்கும். அப்படிப்பட்ட பட்டியலோடு மேசைக்கு வந்து "இது ஏன் கிடைக்கவில்லை" என்று கேட்கும் பிள்ளைகள் இப்போது அதிகம். மொழி தடுமாறுகிறவருக்கு இது இரட்டை ஆபத்து, ஏனென்றால் கட்டுரை கிடைக்காவிட்டால் 'நான்தான் சரியாகத் தேடவில்லை' என்று நினைத்துக்கொள்வார்கள். தேடும் சொற்களை யோசிக்க அந்தச் செயலியைக் கேட்கட்டும், அதில் அது கெட்டி. கட்டுரையை நூலகத் தேடலில் கண்ணால் பார்த்த பிறகே பட்டியலில் சேர்க்கட்டும். சேர்ப்பதற்கு ஜொட்டெரோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் இட்டால் மேற்கோள் வடிவத்தை அதுவே பார்த்துக்கொள்ளும்.

கேள்வி (முதுகலை மாணவர்): என் தாய்மொழியில் உள்ள நூலை ஆங்கிலக் கட்டுரையில் மேற்கோள் காட்டினால் ஆசிரியர் ஏற்பாரா?

பதில்: பொருத்தமான நூல் என்றால் பெரும்பாலும் ஏற்பார், முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) மேற்கோள் முறையில் தலைப்பை ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து, அடுத்து சதுர அடைப்புக்குறிக்குள் அதன் மொழிபெயர்ப்பைத் தர வேண்டும். உங்களோடு படிப்பவர்கள் படிக்க முடியாத மூலம் ஒன்று உங்களுக்கு மட்டும் திறந்திருக்கிறது. தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

கேள்வி (அதே மாணவர், கடிதத்தின் கீழே): நானும் நண்பனும் நூலகத்தில் எங்கள் மொழியில் பேசிப் பாடம் புரியவைத்துக்கொள்கிறோம். பக்கத்தில் இருப்பவர்கள் முறைக்கிறார்கள். தப்பா?

பதில்: உங்கள் மொழியில் பேசுவதில் தப்பில்லை. அமைதித் தளத்தில் எந்த மொழியில் பேசினாலும் முறைப்பார்கள். குழுவாகப் படிக்கக் கதவு போட்ட அறைகள் இருக்கும், இணையத்திலேயே முன்பதிவு செய்யலாம். பரீட்சை நேரத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும், ஆகவே இப்போதே ஒன்றைப் பிடித்து வையுங்கள்.